மின்சாரக் காரில் பிரேக் ஒயில் குறைந்தால் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள்

போன மாதம் பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து உடனே அணைந்தது. நேர் றோட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த வளைவில் திரும்பவும் எரிந்தது. ஹான்ட் பிரேக் இறங்கித்தான் இருந்தது. பின் சீட்டில் அம்மா, மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். நிறுத்திவிட்டு அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

வளைவில் மட்டும் ஏன் எரிகிறது? ஒயில் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட இறங்கிவிட்டால், கார் திரும்பும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை தாழும், விளக்கு எரியும். பொனற்றைத் திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்த விடயம் வேறு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கராச்சில் சேர்விஸ் செய்தபோது "பிரேக் ஒயில் கொஞ்சம் குறைவு, ஊற்றிவிட்டோம்" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். ஏன் குறைந்தது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெற்றோல் காரில் அந்தப் பேச்சுக்கு ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் சில்லோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும், புதுப் பாட் போட்டால் மட்டம் தானாக ஏறிவிடும். மின்சாரக் காரில் அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்புகிறது, பாட்டுக்கு வேலையே குறைவு. என்னுடைய காரில் நான்கு சில்லிலும் பாட் தடிப்பாகவே இருந்தது. பாட் தேயாமல் ஒயில் குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. வேறு கணக்கே இல்லை.

பெடலை மிதித்துப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று நம்பவும் முடியாது. சில மின்சாரக் கார்களில் பெடலின் இறுக்கத்தைக் கார்தான் நமக்கு உருவாக்கித் தருகிறது. பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும் காலையில் மோட்டார் பிடிப்பது குறைந்து, பாட்தான் கூடுதலாகப் பிடிக்க வேண்டியும் வரும். வீட்டில் இரவு முழுச் சார்ஜ் போட்டுக் காலையில் இறங்கும் பலருக்கும் இது பொருந்தும்.

பக்கத்து ஒழுங்கையில் உழவு இயந்திரம் திருத்தும் அண்ணை ஒருவர் வந்து, உடைக்காத புதுப் போத்தலில் இருந்து நடுமட்டம் வரைக்கும் ஊற்றி, தாங்கியில் மாக்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். காரை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "தம்பி, ரெண்டு நாள் ஓடாமல் வை. காலையும் மாலையும் பத்துத் தரம் மிதி" என்றார். மூன்றாம் நாள் கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தது. ஜக் போட்டுப் பார்த்தால் பின் இடது சில்லின் உட்பக்கம் முழுக்க ஈரம். தொட்டால் வழுவழு, காயவே இல்லை. தண்ணீர் என்றால் நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். அந்தக் கையோடு காரின் பெயின்ரைத் தொடாதீர்கள், பிரேக் ஒயில் அதை உரித்துவிடும்.

பாட்டையும் பிஸ்டனையும் தாங்கும் கலிப்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசு றப்பர் கிழிந்து, உள்ளே கிறவல் புழுதி போய், பிஸ்டனில் துரு குழி குழியாக இருந்தது. அந்தக் குழிதான் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் றப்பர் சீலை அறுத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தரம் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கிறேன், அங்கே நந்திக்கடல் உப்புக்காற்று. பாட் அடிக்கடி பிடித்தால் பிஸ்டன் அசைந்து துப்புரவாகவே இருக்கும், இந்தக் காரில் அது மாதக்கணக்கில் அதிகம் அசையாமல் கிடந்திருக்கிறது. குறைவாகப் பாவிப்பதால் பிரேக் நீண்டநாள் உழைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன், பாட்டுக்கு அது சரி, கலிப்பருக்கு இல்லை.

சீல் மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் வவுனியாவுக்குப் போனேன். குழி விழுந்த பிஸ்டனில் புதுச் சீல் நிற்காது என்று அண்ணை போனில் சொன்னதால் முழுக் கலிப்பராகவே வாங்கினேன். ஒயில் குழாய் பூட்டும் இடத்தில் செப்பு வாஷர் இரண்டும் புதிதுதான் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போட்டால் அங்கேயே ஒழுகும்.

ஒயில் தாங்கியின் மூடியில் டொட் 3 என்று பிரேக் ஒயில் வகை எழுதியிருந்தது, அதையே வாங்கினோம். கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலையோ ஸ்டியரிங் ஒயிலையோ ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள றப்பர் எல்லாம் ஊதிப் பழுதாகும். டொட் 5 சிலிக்கன் வகை, அதையும் இதோடு கலக்கக் கூடாது. திறந்து வைத்த போத்தலும் வேண்டாம். இந்த ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 கொதிக்க 205 பாகை செல்சியஸாவது வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கலாம், கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அந்த ஈரம்தான் உள்ளேயும் துரு பிடிக்க வைக்கிறது. அதனால் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறேன் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

எயார் எடுப்பதை, அதாவது ஒயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் நாங்கள் செய்யவில்லை. இந்தக் காரில் பிரேக் பம்பைக் கணினி இயக்குகிறது, அந்தக் கணினியோடு பேசும் ஸ்கேனரைப் பூட்டி, பம்பை இயக்கச் சொல்லிச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவர் வவுனியாவில் இருந்து வந்து ஒன்றரை மணி நேரத்தில் நான்கு சில்லிலும் எடுத்துத் தந்தார். முதலில் வந்த ஒயில் தேத்தண்ணி நிறம்.

இப்போது மூன்று கிழமை. மாக்கர் கோட்டில் இருந்து ஒயில் அசையவில்லை, அம்மாவையும் நேற்றுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தேன். பின் வலது பக்கத் தூசு றப்பரிலும் சின்ன வெடிப்பு இருக்கிறது. மாரி தொடங்கி வாய்க்கால் றோட்டெல்லாம் சேறாவதற்குள் அதையும் மாற்ற வேண்டும்.