நான்கு நாடுகள், ஒரே கூட்டல்

2016 ஜூன் 24ஆம் தேதி காலை, திருவல்லிக்கேணி வீட்டில் அப்பா நாட்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து என்று பென்சிலால் நான்கு கட்டம் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி தாண்டியதும் பிரிட்டன் மக்கள் வாக்கெடுப்பின் முடிவு தெரிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், நீடிக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். ஆனால் ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினரும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 சதவீதத்தினரும் நீடிக்கவே வாக்களித்திருந்தார்கள்.

“நாலு நாடு சேர்ந்த ராஜ்ஜியம்னு சொல்றாங்க, கூட்டல் மட்டும் ஒண்ணா?” என்றார் அப்பா.

இந்தக் கேள்வி ஓராண்டு முன்பே பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எழுந்திருந்தது என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். நான்கு நாடுகளும் தனித்தனியே ஒப்பினால் மட்டுமே விலகல் செல்லும் என்று ஒரு திருத்தத்தை 2015இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலெக்ஸ் சால்மண்ட் முன்வைத்தார், அது தோற்கடிக்கப்பட்டது. அந்தத் திருத்தம் நிறைவேறியிருந்தால் பின்வந்த கசப்பில் பெரும்பகுதி இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். ஏனெனில் 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து மக்கள் 55க்கு 45 என்ற கணக்கில் பிரிட்டனோடு இருக்க முடிவெடுத்தபோது, பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் போய்விடும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்று. அதைக் கேட்டு பிரிட்டனோடு இருந்துவிட்டவர்களுக்கு இரண்டே ஆண்டுகளில் அந்த இடமும் போவது முடிவாயிற்று.

யாரைக் கூட்டலில் சேர்ப்பது என்பதும் வாக்கெடுப்புக்கு வாக்கெடுப்பு மாறியது. 2014இல் பதினாறு வயதினரும், ஸ்காட்லாந்தில் குடியிருந்த ஐரோப்பிய நாட்டவரும் வாக்களித்தனர். 2016இல் அவ்விரு சாராருக்கும் பெரும்பாலும் இடமில்லை. மாறாக, காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கு வசித்த இந்தியர்களுக்கு வாக்கு இருந்தது. இலண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சித்தி மகன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போய் வாக்களித்தான். “அண்ணா, என்கூட வேலை பார்க்கிற போலந்துக்காரர் எனக்கு முன்னாடியே இங்க வந்தவர். அவர் தலையெழுத்தை நான் போய் முடிவு பண்ணிட்டு வரேன்” என்று தொலைபேசியில் சொன்னபோது அவன் குரல் கம்மியிருந்தது.

பொதுத்தேர்தலிலும் இதே கதைதான். 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 650 தொகுதிகளில் 411ஐ வென்றது; 14 சதவீதத்துக்கு மேல் பெற்ற வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்குக் கிடைத்தவை ஐந்து. அந்தக் கட்சியின் கொள்கைகள் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதவை. ஆயினும் அத்தனை இலட்சம் பேரின் வாக்கு அவைக்குள் ஐந்து இருக்கைகளாகச் சுருங்கினால், அவர்களின் கோபம் தெருவில்தான் இடம் தேடும். நாம் கைக்கொண்டிருப்பதும் அதே தேர்தல் முறைதான். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் குரல் தேய்ந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல.

பிரிட்டனிலிருந்து பிரிவது பற்றி மீண்டும் வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து விரும்பியபோது, இலண்டனின் ஒப்புதலின்றி அதன் நாடாளுமன்றம் அதற்குச் சட்டமியற்ற முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தாமே விரும்பிச் சேர்ந்த நாடுகளின் ஒன்றியம் என்று சொல்லிக்கொண்டு, இன்னும் விருப்பம் உண்டா என்று தம் மக்களைக் கேட்பதற்கே அடுத்தவர் அனுமதி வேண்டும் என்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அப்பாவின் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். நான்கு கட்டங்களுக்கும் கீழே, கூட்டுத்தொகைக்கான இடத்தை அவர் நிரப்பவே இல்லை.