தீபாவளி அட்வான்ஸும் ஒரு படிவமும்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 26 வருஷம் கிளாக்கராக இருந்தேன். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடு, சம்பளம், சேமலாப நிதிப் (பி.எஃப்.) படிவம் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். எந்தக் காம்பராவில், அதாவது எந்த லயத்து அறையில், யாரோடு யார் குடித்தனம் என்பது தோட்டத்துத் துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினாலே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அது கல்யாணம்தான். கயிறு இல்லாமல் இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தாலும் "அவன் சம்சாரம்" என்றுதான் சொல்வார்கள். பதியாமல் இருப்பது கொள்கைக்காக அல்ல. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். திருத்த நாலு தடவை டவுனுக்கு அலைந்தால் நாலு நாள் பேர், அதாவது நாலு நாள் கூலி, போய்விடும். சிலருக்கு முதல் கல்யாணமே இன்னும் கோர்ட்டில் தீர்ந்திருக்காது.

ஒருமுறை குளவி கொட்டி ஒருவர் இறந்துபோனார். காரியம் முடிந்து அவர் வீட்டுப் பெண் ஆபீசுக்கு வந்தாள். அலுமாரியிலிருந்து அவருடைய சேமலாப நிதிப் படிவத்தை எடுத்தேன். 19 வயதில் நிரப்பியது, இறந்தால் பணம் யாருக்கு என்கிற நாமினி இடத்தில் அம்மா பெயர்.

"பதினாலு வருஷம் சோறு போட்டது நான்தானே ஐயா, எம்பேரு இல்லையா?"

சாட்சிக்கென்று மகனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்திருந்தாள், பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்து. தகப்பன் பெயர் சரியாகத்தான் இருந்தது. 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்ற கட்டத்தில் 'இல்லை'. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானும் வாசித்துக் காட்டவில்லை. பணம் மாமியாருக்குப் போனது. கிழவி அதை எடுத்துக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். கிழவியை என்ன சொல்ல? அந்தப் படிவம் இத்தனை வருஷமும் என் அலுமாரியில்தான் கிடந்தது.

ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குக் கல்யாணம் நடந்ததாக நம் நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள இடமுண்டு. சரி, லோயருக்கு யார் காசு கொடுப்பது? நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழும் துணையையும் கணக்கில் எடுக்கிறது. அதாவது, அவர் அடித்திருந்தால் அவள் சட்டத்தின் கண்ணில் பட்டிருப்பாள்.

இந்தியாவின் உத்தரகாண்டில் 2025 ஜனவரியிலிருந்து, சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம், பிள்ளை சட்டபூர்வமான பிள்ளை. கடைசி இரண்டையும் இங்கே இன்றைக்கே கொண்டுவரலாம். மற்றதுதான் எனக்குப் பயம். சாதி மாறிச் சேர்ந்த ஒரு ஜோடியைத் தேடி பெண்ணின் அண்ணன்மார் என் மேசைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். தெரியாது என்று பொய் சொன்னேன். ரெஜிஸ்டரில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா? சிறை என்றால் பெயர் திருத்தப் போக நாள் கிடைக்காதவள்தான் முதலில் மாட்டுவாள்.

அந்தச் சாவுக்குப் பிறகு, தீபாவளி அட்வான்ஸுக்குக் கையெழுத்து வாங்கும்போதெல்லாம் நாமினி படிவத்தையும் சேர்த்து நீட்டத் தொடங்கினேன். அன்றைக்குத்தான் எல்லாரும் வருவார்கள். "யாரு பேரு போடணும்?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். பேனாவை எடுத்தவன் திரும்பிப் பார்த்தான். வரிசையில் அவனுக்குப் பின்னால் அவன் அம்மா.

"பொறவு வாறேன் ஐயா" என்று காசை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.