எட்டு வாரம் ஆறு நாளா, ஒன்பது வாரமா?

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "தம்பி, இன்னைக்கு ஒன்பது வாரம் முடியுது. உன் ஆப் எட்டு வாரம் ஆறு நாள்னு காட்டுதே?"

அவளுக்காகத்தான் அந்த ஆண்ட்ராய்டு ஆப்பை எழுதியிருந்தேன். கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் கொடுத்தால், இன்றைக்கு எத்தனை வாரம் எத்தனை நாள் என்று சொல்லும். 280 நாள் கூட்டிப் பிரசவத் தேதியும் காட்டும். அக்கா கொடுத்த தேதி ஜனவரி 12. மதுரையில் அம்மாவின் போனிலும் அதே ஆப், அதே தேதி. அங்கே ஒன்பது வாரம் என்று சரியாகவே இருந்தது.

தாளை எடுத்து எண்ணினேன். ஜனவரியில் 19, பிப்ரவரியில் 29 (லீப் வருஷம்), மார்ச்சில் 15. மொத்தம் 63. அக்கா சொன்னதுதான் சரி.

நான் எழுதியிருந்த கணக்கு பலரும் எழுதுவதுதான். இரண்டு தேதிகளின் நள்ளிரவையும் மில்லிசெகண்டாக எடுத்துக் கழிப்பது, 8,64,00,000ஆல் வகுப்பது. இந்தியாவில் கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை என்பதால் இங்கே எத்தனை முறை சோதித்தாலும் விடை சரியாகத்தான் வரும். நியூ ஜெர்சியிலோ கோடைக்கால நேரத்துக்காக மார்ச் 10, ஞாயிறு அதிகாலை 2 மணியை நேராக 3 மணி ஆக்கிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கு 23 மணி நேரம்தான். 63 நாளுக்கு 1512 மணி நேரம் வர வேண்டிய இடத்தில் 1511. அதை 24ஆல் வகுத்தால் 62 முழுசாக வந்து, கொஞ்சம் மிச்சம் நிற்கும். முழு எண் வகுத்தல் அந்த மிச்சத்தை வெட்டிவிடும். கடிகாரம் பழையபடி திரும்புவது நவம்பர் 3ஆம் தேதி. பிரசவத் தேதி அக்டோபர் 18. அதாவது கடைசி நாள் வரைக்கும் அக்காவுக்கு ஒரு நாள் குறைவாகவே காட்டியிருக்கும்.

பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்டு செய்தால் போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். விடை சரியாகிவிடும். எனக்கு மனசு ஒப்பவில்லை. எத்தனை நாள் ஆச்சு என்று அக்கா கேட்டது மணி நேரத்தை அல்ல, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் எத்தனை தாள் கிழித்தோம் என்பதை. 23 மணி நேர ஞாயிறுக்கும் ஒரே தாள்தான்.

தாள் கணக்குக்கென்றே ஜாவா நிரல் மொழியின் நூலகத்தில் இருப்பது லோக்கல்டேட், வெறும் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும் வகை. அதில் மணியும் கிடையாது, டைம்ஸோனும் கிடையாது. நடுவே எத்தனை நாள் என்று எண்ணும் க்ரோனோயூனிட்.டேஸ்.பிட்வீனுக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்தேன், 63 வந்தது. இது ஜாவா 8இல், 2014இல் வந்தது. ஆண்ட்ராய்டுக்குள் 8.0இல்தான் நுழைந்தது. அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 7. புது ஆப் திறந்தவுடனே மூடிக்கொண்டது! ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலில், புது வசதிகளைப் பழைய போனிலும் ஓடவைக்கும் டீசுகரிங்கை இயக்கிய பிறகு அங்கேயும் ஓடியது.

இன்னொரு பள்ளமும் உண்டு. நாளை எண்ண முதலில் நான் எடுத்தது அதே நூலகத்தின் பீரியட்.பிட்வீன். அதில் நாளைத் தரும் கெட்டேஸைக் கேட்டபோது 3 என்றது. இரண்டு மாதம், மூன்று நாள் என்று பிரித்து வைத்துக்கொண்டு, கடைசித் துண்டை மட்டும் தருகிறது. மொத்த நாளுக்கு அதை எடுக்கவே கூடாது.

செக்கப் நினைவூட்டலிலும் ஒரு கோளாறு. நான்கு வாரம் கழித்து என்று வைத்தால் அந்த நிமிஷமே மணி அடித்தது. 28 நாளுக்கு மில்லிசெகண்ட் 241 கோடியைத் தாண்டும். ஆப்பை எழுதிய கோட்லின் மொழியில் இன்ட் என்ற சாதாரண முழு எண் வகை தாங்குவது 214 கோடி சொச்சம். 24 நாள் வரை பிசகில்லை, 25இல் எண் மைனஸுக்குப் போய்விடும். நினைவூட்டல் கடந்த காலத்தில் விழுந்தால் உடனே அடிக்காமல் என்ன செய்யும்? அதைவிடப் பெரிய எண்ணைத் தாங்கும் லாங் வகையாக்கினேன், சரியானது.

அப்புறம் அம்மா. வாரக் கணக்கு அவளுக்கு ஒட்டவே இல்லை. "எத்தனாம் மாசம்னு போடேன்" என்றாள். முடிந்த மாதம் வேறு, நடக்கிற மாதம் வேறு. மார்ச் 15இல் முடிந்தது இரண்டு, நடப்பது மூன்றாம் மாதம். வேண்டாம் என்று ஒதுக்கிய பீரியட் இங்கேதான் உதவியது. அதன் மாதத்தோடு ஒன்று கூட்டி, வாரத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

ஜூலை 12 காலையில் அந்த வரி 'ஏழாம் மாதம்' என்று மாறியது. அன்றைக்குச் சாயங்காலமே அம்மா கடைவீதிக்குப் போய்ச் சிவப்பிலும் பச்சையிலும் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு ஜோடியாகச் சுற்றி, நியூ ஜெர்சிக்குப் பார்சல் கட்டினோம்.