மைதானத்துக்கு முதுகு காட்டும் வேலை

லண்டன் வெம்ப்ளி உதைபந்தாட்ட அரங்கில் ஸ்டூவர்ட் வேலை, அதாவது சனத்தைக் கவனிக்கும் வேலை, என்று சொன்னதும், "அப்ப மட்ச் எல்லாம் சும்மாவே பார்க்கலாம், என்ன?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்கே பார்ப்பது? என் இடத்தில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

2023 ஜூன் 3ஆம் தேதி, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டியும் எனக்கு அப்படித்தான் போனது. மன்செஸ்டர் சிட்டியும் மன்செஸ்டர் யுனைடெட்டும். 1872இல் முதல் இறுதிப்போட்டி நடந்த கிண்ணம் அது. இந்த இரண்டு கழகங்களும் இறுதியில் மோதியது அன்றுதான் முதல் தடவை. ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கே. குடிப்பதற்கு நேரம் குறையும், எங்களுக்கு நல்லதுதான். அன்று ரயில் சாரதிகளின் வேலைநிறுத்தம் வேறு. பஸ்ஸிலும் காரிலும் வந்து இறங்கியவர்கள் ஏராளம்.

நான் யுனைடெட் ஆட்கள் பக்கம். ஆட்டம் தொடங்கும்போதும் படிகளில் சிலர் இருக்கை தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய டிக்கெட்டில் வரிசையைப் பார்க்கிறேன், அதற்குள் மற்றப் பக்கத்திலிருந்து பெரிய இரைச்சல். எனக்கு முன்னால் அத்தனை முகங்களும் ஒரேயடியாகத் தொங்கிப்போயின. 12 விநாடி! சிட்டியின் கப்டன் குண்டோகன் அடித்த கோல். 2009இல் லூயி சஹா 25 விநாடியில் அடித்ததுதான் அதுவரை இறுதிப்போட்டிச் சாதனை. டிக்கெட்காரர் என்னிடம், "என்ன நடந்தது?" என்று கேட்டார். என்னிடம் கேட்டால்!

33ஆவது நிமிடம் யுனைடெட்டின் புரூனோ பெர்னாண்டஸ் பெனால்டியில் கோல் போட்டதும் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். தோற்கிற பக்கத்தில்தான் கவனம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தோஷத்தில்தான் சனம் கதிரைகளைத் தாண்டிக் குதிக்கும், படியில் விழும். தோற்றவர்களுக்கு வீட்டுக்குப் போனால் போதும்.

ஆனால் அன்றைய தோல்வி கொஞ்சம் வேறு மாதிரி. லீக், எஃப்.ஏ. கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற ஒரே இங்கிலாந்துக் கழகம் என்று 1999இலிருந்து யுனைடெட்காரர் பெருமைப்பட்டு வந்தார்கள். சிட்டி லீக்கை ஏற்கெனவே எடுத்துவிட்டது. சிட்டியும் மூன்றையும் எடுப்பதை இங்கேயே மறிக்கத்தான் இவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள். 51ஆவது நிமிடம் குண்டோகன் மறுபடியும் அடித்தபோது எனக்கு முன்னால் ஒருவரும் கத்தக்கூட இல்லை. முடிவு 2-1. அடுத்த சனிக்கிழமை இஸ்தான்புல்லில் சிட்டி மூன்றாவதையும் எடுத்தது.

கோல்களை அன்றிரவு போனில்தான் பார்த்தேன். முதலாவது உண்மையிலேயே அருமையான கோல். அதை என் பகுதியில் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.