பதின்மூன்றாவது செவ்வாய்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருவதாக நேர்ந்த பதின்மூன்று செவ்வாய்களை முடிக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

மகனுக்கு இரண்டு வயதில் டெங்கு. தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போன இரவில் அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். முதல் செவ்வாயன்று அவனைத் தூக்கிக்கொண்டு சொரூபத்தின் முன் நின்றபோது உடம்பெல்லாம் நடுங்கி அழுதேன். ஆண்டவர் அருகில் நிற்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே. நான்காவது வாரம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தது, அவ்வளவுதான். நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று பயந்து, அத்தோடு நிறுத்திவிட்டேன். பிறகு அந்தக் கண்ணீரைத் தேடித் தியானங்களுக்கும் இரவுச் செபங்களுக்கும் அலைந்தேன். அம்மா கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஜூன் 13 திருநாளிலும், "இன்னும் ஒன்பது இருக்கிறது, பிள்ளை" என்பார்.

இந்த வருடம் அவரால் படி ஏற முடியவில்லை. அதனால்தான் வத்தளையிலிருந்து மறுபடியும் பஸ் ஏறினேன்.

கடைசிச் செவ்வாயின் கூட்டத்தைச் சொல்லி மாளாது. தெருமுனையிலேயே மெழுகுதிரியைக் கையில் திணித்து இரட்டிப்பு விலை கேட்கிறார்கள். 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த பைச் சோதனையில் எனக்குக் குறையில்லை; ஆனால் வயதானவர்களை இடித்துத் தள்ளிவிட்டுச் சொரூபத்தோடு படம் எடுக்கிறவர்களைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஒரு சிங்கள அம்மா, பின்னால் நெற்றியில் திருநீற்றோடு ஒரு தம்பதி. அவர்கள் எல்லாம் பொறுமையாகத்தான் நின்றார்கள்.

கண்ணாடிப் பேழைக்கு அருகில் வந்ததும் உள்ளங்கையை வைத்தேன். எத்தனையோ கைகள் பட்டு அது மங்கியிருந்தது. பழைய நடுக்கத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அப்போது என் கைக்குக் கீழே இன்னொரு கை. ஐந்து வருடத்துக்கு முன் நான் தூக்கிக் காட்டிய பிள்ளை, தன் காலில் நின்று, எட்டித் தானே கண்ணாடியைத் தொட்டான். விரல் நுனிகளில் மெழுகு காய்ந்திருந்தது.

நற்செய்தியில், மலையில் ஆண்டவரின் முகம் கதிரவனைப் போல் ஒளிர்ந்ததும், மூன்று கூடாரம் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றார் பேதுரு. இயேசு இறங்கிவிட்டார். அடிவாரத்தில், மகன் நோயில் துடிக்கிறான் என்று ஒரு தகப்பன் காத்திருந்தான். இத்தனை வருடமும் நான் அந்தக் கூடாரத்தைத்தான் தேடியிருக்கிறேன். இந்தக் கரையை அரித்த கடல், ஒல்லாந்தர் காலத்தில் அந்தோனியோ சுவாமியாரின் செபத்துக்கு விலகியது என்பார்கள். அந்த மீனவர்களும் மறுநாள் வலையோடு அதே கடலுக்குத்தானே போயிருப்பார்கள்!

அந்தோனியாரே, உமக்கு நன்றி. உமது கையில் இருக்கும் பாலன் இயேசுவுக்குக் கோடி நன்றி. அழுகை வராத பத்துச் செவ்வாய்களுக்கும் நன்றி. அவற்றில் ஒன்றிலாவது நீர் என்னைத் தனியே நிற்க விட்டீரா?

வெளியே வந்து, வாங்கி வைத்திருந்த பாணை வாசலில் இருந்தவர்களுக்குக் கொடுத்தோம். வீட்டுப் படலையில் அம்மா காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெழுகு ஒட்டிய பேரனின் விரல்களைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.