அப்பாவின் தமனியும் தோப்பின் சொட்டுநீர்க் குழாயும்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மாந்தோப்பில், போர்வெல் நீரின் உப்பு படிந்து சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்வதும், ஆசிட் கலந்த நீரை விட்டு அவற்றை நாங்கள் கழுவுவதும் வழக்கம். இதயத் தமனியில் அடைப்பு இருப்பதாக மருத்துவர் சொன்னபோது, இதையும் அப்படிக் கழுவிவிட முடியாதா என்று அப்பா கேட்டார். பதில் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

தமனியின் அடைப்பு, குழாயின் உட்புறத்தில் ஒட்டிய கசடு அன்று. அது சுவருக்குள்ளேயே வளர்வது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் உள்படலத்தைக் கடந்து சுவரில் சிக்கி, ஆக்சிஜனேற்றத்தால் உருமாறுகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அங்கேயே பெருவிழுங்கிகளாக மாறி, கொழுப்புத் துளிகளால் நிரம்பி, நுண்ணோக்கியில் நுரை போலத் தெரிகின்றன. 'நுரைச் செல்' என்ற பெயர் அதனால் வந்தது. சுவரின் தசைச் செல்களும் இவ்வாறு மாறுவதுண்டு.

வயிறு நிறைந்த பிறகும் பெருவிழுங்கிகள் விழுங்குவதை ஏன் நிறுத்துவதில்லை என்பதே என்னை உறங்கவிடாத கேள்வி. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆராய்ந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும், செல்கள் எல்.டி.எல்.-ஐ ஓர் ஏற்பியின் (செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின்) வழியாக உள்ளிழுக்கின்றன என்றும், உள்ளே கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்ததும் அந்த ஏற்பியின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன என்றும் 1970-களில் காட்டினர். ஆனால் அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்தவர்களின் தமனிகளிலும் நுரைச் செல்கள் நிறைந்திருந்தன. அப்படியானால் வேறொரு வாசல் இருந்தாக வேண்டும். வேதிமாற்றம் செய்த எல்.டி.எல்.-ஐப் பெருவிழுங்கிகள் தனியொரு வழியில் அள்ளி விழுங்குவதை 1979-இல் அவர்கள் கண்டனர். பின்னர் 'துப்புரவு ஏற்பிகள்' எனப் பெயர் பெற்ற இந்த வாசல்களுக்கு, உள்ளே கொலஸ்டிரால் மிகுந்தால் மூடிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. முதல் ஏற்பியைப் பற்றிய ஆய்வுக்காக இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ இந்த இரண்டாவது கதைதான் பெரிதாகப்படுகிறது.

உண்ட கொலஸ்டிராலை, அதை அங்கிருந்து சுமந்து வெளியேற்றும் எச்.டி.எல். துகள்களிடம் ஒப்படைக்கும் வழி நுரைச் செல்லுக்கு உண்டு. வரவு அதற்கும் மிஞ்சும்போது செல் மடிகிறது. மடிந்தவற்றின் கொழுப்பு சுவரின் நடுவே கூழாகத் தேங்குகிறது. ஆசிட் எட்டாத இடம் அது.

அப்பாவுக்குக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரை முதன்மையாக வேலை செய்வதும் தமனியில் அன்று, கல்லீரலில்: அங்கே கொலஸ்டிரால் உற்பத்தி தடைப்படுவதால் கல்லீரல் செல்கள் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கின்றன. இதைச் சொன்னதும், "அப்போ குழாய விட்டுட்டு தண்ணியில உப்பக் கொறைக்கறாங்க" என்றார் அப்பா. பிறகு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போடுவதா பின்பு போடுவதா என்று கேட்டார்.