தகிட தகிட தகதிமி தக தகதிமி

நியூயார்க்கில் ஒரு பாலே குழுவுக்குப் பியானோ வாசிப்பது என் வேலை. 11 வருடம் ஆகிறது. காலை பத்து மணிக்கு வகுப்பு தொடங்கும். சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி முப்பது பேர் நிற்பார்கள். ஆசிரியை அசைவுகளை வாயால் சொல்லிக் கையால் காட்டி முடிக்கிற சில விநாடிக்குள், அதற்கு எந்த இசை பொருந்தும் என்று நான் முடிவு செய்துவிட வேண்டும். முழங்காலை மடக்கி எழுகிற பிளியேவுக்கு நிதானமான வால்ட்ஸ். பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டுகிற தாந்துவுக்கு நறுக்கென்ற இரட்டை நடை. எதுவானாலும் எட்டு எட்டாக வர வேண்டும். ஏழில் முடித்தால் முப்பது தலையும் என் பக்கம் திரும்பும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு, கியூபாவில் பிறந்த ஒரு நடன அமைப்பாளரை அழைத்து அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று செய்யச் சொன்னது. கியூபாவின் ஜோடி நடனமான டான்சோனும், மேளத்துக்கு ஆடுகிற ரும்பாவும் அடிப்படை. ஆனால் ஆடுபவர்கள் பாயின்ட் ஷூ அணிந்து விரல் நுனியில் நிற்பார்கள். ஒத்திகைக்கு ஆறு வாரம். அத்தனை வருட வகுப்புகளில் நான் கற்காத சிலவற்றை அந்த ஆறு வாரத்தில் கற்றேன்.

முதல் நாள் எல்லோரும் ஒரே எதிர்பார்ப்போடு வந்திருந்தார்கள்: இடுப்பை ஆட்டச் சொல்லப் போகிறார். வந்தவர் முதலில் சொன்னது, “ஷூவைக் கழற்றுங்கள்.” இரண்டாவதாகச் சொன்னது, “இடுப்பை மறந்துவிடுங்கள்.” வெறுங்காலோடு நடக்க வைத்தார். ஒரு காலில் எடையை முழுதாக இறக்கு, அந்த முழங்கால் நீளட்டும், மற்றது தானாக மடங்கட்டும், இப்போது மறுகால். நேரம் போகப் போக சிலருடைய இடுப்பு தானே பக்கவாட்டில் போய்வரத் தொடங்கியது. எடை இடம் மாறுவதால் இடுப்பு நகர்கிறது. வலிந்து ஆட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பாலே உடலுக்கு இது பெரிய சோதனை. எட்டு வயதிலிருந்து அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருப்பது “மேலே, மேலே” என்பதுதான். எடை இருப்பதே தெரியக் கூடாது, இடுப்பெலும்பு தட்டு போல மட்டமாக நிற்க வேண்டும். நான் சென்னையில் வளர்ந்தவள். அரைமண்டியில் உட்கார்ந்து தரையைத் தட்டும் ஆட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் தரையை நோக்கிப் போகிற ஒரு நடனம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அவர்களில் பலருக்கு அது ஏதோ தவறு செய்வது போல இருந்தது.

தாளம் வாசிக்க நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். சொந்த ஊர் கியூபாவின் மத்தான்சாஸ். 1879இல் இசையமைப்பாளர் மிகேல் ஃபைல்தே தன் முதல் டான்சோனை அரங்கேற்றிய ஊர் அது. ரும்பா வளர்ந்ததும் அந்தத் துறைமுகத்திலும் ஹவானாவிலும்தான். பெரியவர் என்னை “மிஹா” என்றுதான் கூப்பிடுவார். நம்மூரில் “கண்ணு” என்பது போல. அவரிடம் மூன்று காங்கா மேளங்களும், கிளாவே என்ற இரண்டு கெட்டியான மரக்குச்சிகளும் இருந்தன. இசை முழுவதும் அந்தக் குச்சிகளைத்தான் நம்பி நிற்கிறது. ஐந்தே தட்டு: முதலில் மூன்று, பிறகு இரண்டு. அந்த ஐந்தில் சில, நாம் கால் தட்டுகிற இடத்தில் விழாது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஆடுபவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு தடுமாறினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. பல வருடப் பழக்கத்தில் என் இடது கை தானாகவே ஒவ்வொரு ஒன்றிலும் ஐந்திலும் ஒரு அழுத்தம் கொடுத்தது. இரண்டே நாளில் எல்லோரும் சரியாக ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் திருப்திகூட. மூன்றாம் நாள் பெரியவர் குச்சிகளைக் கீழே வைத்தார். “மிஹா, நீ இதற்கு இஸ்திரி போட்டுவிட்டாய்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்று மாலை வரை எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்த ஐந்து தட்டைத் தொடையில் போட்டுப் பார்த்தேன். என் பெரியப்பா மிருதங்கம் வாசிப்பவர். எனக்கு மிருதங்கம் வராது, ஆனால் தாளத்தை வாயால் சொல்ல அவர் பயன்படுத்துகிற சொற்கட்டுகள் காதில் அப்படியே தங்கிவிட்டன. நான்காவது நிறுத்தத்துக்குள் பிடிபட்டது. தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. மொத்தம் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு குச்சித் தட்டு. இரண்டு தடவை சொன்னால் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, கச்சிதமாக முடிகிறது. பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது, நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தயக்கத்தோடு பெரியவரிடம் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். நான் சொல்ல, அவர் தட்டினார். அப்புறம் நடன அமைப்பாளர் எல்லோரையும் தரையில் உட்கார வைத்து எண்களை விட்டுவிட்டு இதைச் சொல்லச் சொன்னார். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிரேசிலிலும் வளர்ந்தவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து “தகிட தகிட” என்று சொன்ன அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கவே முடியாது. எண்ணும்போது உடம்பு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். சொல்லாகச் சொல்லும்போது காத்திருப்பதில்லை, ஓடுகிறது. ஒரு வாரத்தில் என் இடது கை அழுத்தம் தேவைப்படவில்லை.

ஆனால் பெரியவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: “உன் கணக்கு சரி. ஆனால் நாங்கள் அந்த மூன்றைச் சரியாக மூன்றாக வாசிப்பதில்லை.” பிறகு வாசித்துக் காட்டினார். இரண்டாவது தட்டு மயிரிழை தாமதித்து வந்தது. சொற்கட்டு எனக்கு வாசற்படி வரை வழி காட்டியது. உள்ளே போக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு மரபுகள் ஒரு இடத்தில் தொட்டுக்கொள்வதைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட ஆசை வரும். எனக்கும் வந்தது. அவர் அதைத் தடுத்தது நல்லதாயிற்று.

பாலேவும் லத்தீன் நடனமும் கலப்பது ஏதோ புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. இங்கிலாந்தின் கிராமிய நடனம் பிரான்ஸின் அரண்மனைக்குப் போய் கோந்த்ரதான்ஸ் ஆனது. அது கரீபியன் தீவுகளுக்கு வந்து ஆப்பிரிக்க மேளத்தைச் சந்தித்து கோன்த்ரதான்சா ஆனது. அதிலிருந்து ஹபனேரா, அதிலிருந்து டான்சோன். பாலேவும் அதே பிரெஞ்சு அரண்மனை நடனங்களிலிருந்து வந்ததுதான். கிழக்குக் கியூபாவில் தும்பா ஃபிரான்செசா என்ற நடனம் இன்றும் இருக்கிறது. ஹெய்ட்டியிலிருந்து பிரெஞ்சு முதலாளிகள் கொண்டுவந்த அடிமைகள், எசமானர்களின் அரண்மனை நடனத்தைத் தங்கள் மேளத்துக்கு ஆடியதன் வாரிசு. மேடையில் இந்த இரண்டும் சந்தித்தால் அது தூரத்து உறவினர் சந்திப்பு. ஒரு பக்கத்தின் ரத்தத்தில் அடிமைச் சங்கிலியும் இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஆடக் கூடாது என்று நடன அமைப்பாளர் அடிக்கடி சொல்வார்.

கியூபாவின் பாலே வளர்ந்த விதமும் இதற்குச் சாட்சி. பாலே நடனக்காரி அலிசியா அலோன்சோவும் அவர் கணவர் ஃபெர்னாண்டோவும் 1948இல் தொடங்கிய குழுதான் பின்னாளில் கியூபாவின் தேசிய பாலே ஆனது. ஃபெர்னாண்டோவின் தம்பி ஆல்பெர்த்தோ, மக்கள் நடனங்களையும் கேளிக்கை அரங்குகளையும் நன்கு அறிந்தவர். 1967இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் புகழ்பெற்ற நடனக்காரி மாயா பிளிசெட்ஸ்காயாவுக்காக அவர் அமைத்த கார்மென் பாலே, சோவியத் கலாசார அமைச்சரையே கொதிக்க வைத்தது. இங்கே நியூயார்க்கில் டீனா ராமிரஸ் 1970இல் தொடங்கிய பாலே இஸ்பானிகோ என்ற குழு, லத்தீன் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் மேடையும் கொடுத்தது. அந்தக் குழுவை 2009 முதல் நடத்திவரும் எதுவார்தோ விலாரோவும் கியூபாவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். இவர்கள் போட்ட பாதை இல்லாவிட்டால் எங்கள் குழு போன்ற பழமையான இடத்தில் அந்தப் பெரியவரின் மேளம் நுழைந்தே இருக்காது.

எங்கள் குழுவில் டொமினிக்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கூட்டத்தோடு ஆடுபவள், தனிப்பாத்திரம் கிடைத்ததில்லை. இடைவேளையில் பியானோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா தைப்பாள். நூலுக்குப் பதில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் இழை, அதுதான் அறுந்துபோகாது. சாட்டின் நாடாவின் நுனியைத் தீயில் காட்டி லேசாக உருக்கி, நகத்தால் ஒற்றுவாள். ஒருநாள் தைத்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா சமைக்கும்போது ரேடியோ ஓடும். சமையலறையில்தான் ஆடப் பழகினேன். பாலே பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் ஆசிரியர் என் இடுப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்புறம் அம்மாவோடு ஆடுவதை நானே நிறுத்திவிட்டேன்.” ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இப்போது அதே இடுப்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

நான்காவது வாரம் அலுவலகத்திலிருந்து விளம்பரப் படம் வந்தது. சிவப்பு ரோஜா, அடுக்கடுக்கான சிவப்புப் பாவாடை, எல்லோர் கையிலும் விசிறி. அரங்கேற்றத்திலும் விசிறி நிறைய வந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு குறிப்பு. எனக்கு உடனே லா பயடேர் என்ற பழைய பாலே நினைவுக்கு வந்தது. 1838இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் தங்கள் வாத்தியக்காரர்களோடு பாரிஸ் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே உருகி எழுதினார். பார் என்ற சிற்பி அவளைச் சிலையாகவே வடித்தார். 39 வருடம் கழித்து பாலே அமைப்பாளர் மாரியஸ் பெட்டிபா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கோவில் நடனக்காரியை நாயகியாக வைத்து லா பயடேர் அமைத்தார். அதற்கு நான் ஒத்திகை வாசித்திருக்கிறேன். மிங்குஸின் இனிமையான இசை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தேடினாலும் நம் தாளத்தின் வாசனை இல்லை. உடை நம்முடையது போல, கை கூப்புவது நம்முடையது போல. உள்ளே நாம் இல்லை. அதே பெட்டிபாவும் மிங்குஸும் சேர்ந்து செய்த டான் கிஹோத்தே என்ற பாலேயில் ஸ்பெயின் இதைவிட உயிரோடு இருக்கிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெட்டிபா 1840களில் சில வருடம் மாட்ரிடில் இருந்து ஆடியவர். அந்தத் தரையை அவர் கால் மிதித்திருக்கிறது.

நடன அமைப்பாளர் அந்தப் படத்தை ஏற்கவில்லை. வாக்குவாதம் நீண்டது, அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். முடிவில் ரோஜா போனது, பாவாடை போனது. விசிறியை மட்டும் அவரே வைத்துக்கொண்டார், ஆனால் ஒரே ஓர் இடத்தில். டான்சோனில் தொடக்கப் பகுதி மறுபடி மறுபடி திரும்பி வரும். அப்போது ஜோடிகள் ஆடுவதில்லை. நிற்பார்கள், பேசுவார்கள், பெண்கள் விசிறிக்கொள்வார்கள். கியூபாவின் புழுக்கத்தில் விசிறி அலங்காரம் இல்லை, அவசியம். பிறகு அந்தப் பகுதி முடிகிற நொடியில் எல்லோரும் ஒன்றாக அடி எடுத்து வைப்பார்கள்.

பாலே ஆடுபவர்களுக்கு மேடையில் சும்மா நிற்பதுதான் கடைசி வரை கடினமாக இருந்தது. கழுத்தை நீட்டி, தோளை இறக்கி, சிலை போல நிற்பார்கள். “நில்லுங்கள் என்றால் நில்லுங்கள். வியர்க்கிறது, கால் வலிக்கிறது, எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்” என்பார் அவர். டொமினிக்கப் பெண் மட்டும் முதல் நாளே சரியாக நின்றாள். ஒரு காலில் எடையைப் போட்டு, விசிறியைத் தன் முகத்துக்கு இரண்டு தடவை, எதிரில் நின்றவன் கழுத்துக்கு ஒரு தடவை. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடன அமைப்பாளர் அப்படியே விட்டுவிட்டார்.

அரங்கேற்றத்தன்று பியானோ மேடையின் ஓரத்திலேயே இருந்தது. என் இடத்திலிருந்து முன்வரிசைகள் தெரியும். பெரியவர் தன் ஊர்க்காரர்கள் சிலரை அழைத்திருந்தார். நாலைந்து வயதான பெண்கள், நல்ல உடை உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆட்டப்பகுதி முடிந்து தொடக்கப் பகுதி திரும்பி வந்தது. மேடையில் எட்டு ஜோடியும் நின்றது, விசிறிகள் விரிந்தன. நான் வாசித்துக்கொண்டே கீழே பார்த்தேன். அந்தப் பெண்களில் ஒருவர் மடியில் இருந்த நிகழ்ச்சித் தாளை எடுத்து விசிறிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். மூன்றாமவர் பையைத் திறந்து சொந்த விசிறியையே எடுத்தார். பகுதி முடிகிற கடைசிச் சுரத்துக்கு முன்னால் மூவரும் சொல்லிவைத்தாற்போல அதை மடக்கி மடியில் வைத்தார்கள். பெரியவரின் குச்சி விழுந்தது.